வாயாடியின் இடது கை

1

இந்தக் கதை ஒரு கையேட்டிலிருந்து தப்பி வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என் சட்டையைப் பிடிக்கக் கூடாது.

என் தோழி ஒருத்தி ரத்தக்குழாய் அறுவை மருத்துவர். டயாலிசிஸ் நோயாளிகளின் ரத்தம் மெஷினுக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்ப உடம்புக்குள் வருவதற்கு ஒரு வழி வேண்டும். அந்த வழியை வெட்டித் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. எந்த வழி, எந்தக் கை, ஏன் என்று நோயாளிகளுக்குப் புரிகிற மாதிரி சின்னதாக ஒரு கையேடு எழுதிக் கொடு என்றாள். தலையாட்டிவிட்டேன். எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதித்தானே இத்தனை காலம் பிழைப்பு ஓடுகிறது.

"சும்மா வீட்டுல உக்காந்து எழுதாத. ஒரு நாள் வார்டுக்கு வந்து பாரு" என்றாள்.

போனேன். வரிசையாகக் கட்டில்கள், தலைமாட்டில் மெஷின்கள். ஒரு கட்டிலில் ஒரு பெரியவர், ஊசிகள் குத்திய கையைப் பலகை மேல் நீட்டிவைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தார். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண். அவளுக்கு நெஞ்சில் குழாய். இரண்டு கைகளாலும் சரமாரியாகப் பேசிக்கொண்டிருந்தாள். எதிரே நாற்காலியில் கிரீஸ் கறைச் சட்டையோடு ஓர் ஆள், அவரும் கைகளாலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஏதோ சண்டை. பிறகு இருவரும் சிரித்தார்கள். நான் பெரியவரின் அசையாத கையையும் அந்தப் பெண்ணின் கைகளையும் மாறி மாறிப் பார்த்தேன். என் கையேடு அந்த இடத்திலேயே கெட்டுப்போயிற்று.

அவர்கள் இருவரிடமும் நான் பேசவில்லை. கீழே வருவதெல்லாம் நானாகக் கட்டியது.

2

முதல் ஆரம்பம்: "அவளுடைய உலகம் மௌனமானது. அந்த மௌனத்தின் ஆழத்தில் அவள்—"

நிறுத்திவிட்டேன். காது கேட்காதவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா தானாகவே போய் மௌனத்தில் விழுகிறது. நான் பார்த்த பெண்ணிடம் மௌனம் மருந்துக்குக்கூட இல்லை.

இரண்டாவது ஆரம்பம்: "நிரந்தர ரத்தக்குழாய் வழி அமைக்கும்போது நோயாளியின் பழக்கமில்லாத கையைத் தேர்ந்தெடுப்பதே—"

இது கையேடு. தள்ளி நிற்கட்டும், பிறகு கூப்பிடுகிறேன்.

மூன்றாவது: லிஃப்ட் மெக்கானிக் தன் மனைவியை வாயாடி என்று கூப்பிடுவார்.

இது பரவாயில்லை. இப்படியே போகலாம். மெக்கானிக்கின் மனைவிக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. வாயால் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் கண் விழித்ததிலிருந்து கை ஓயாது. விரல்களைக் குவித்துக் கடகடவென்று திறந்து மூடினால் அதுதான் அவர் அவளுக்கு வைத்த பெயர். ஒரு முறை சண்டை முற்றியபோது, இவளை நிறுத்த வேறு வழி தெரியாமல் அவர் விளக்கை அணைத்துவிட்டார். அவள் தட்டுத் தடவி டார்ச்சைத் தேடியெடுத்து, அதை அவர் கையிலேயே திணித்து, வெளிச்சத்தைத் தன் பக்கம் பிடிக்க வைத்து, பாக்கியையும் சொல்லி முடித்தாள்.

அவளுக்கு ஒரு பேக்கரியில் வேலை. கேக்கின் மேல் க்ரீமால் பெயரும் வாழ்த்தும் எழுதுவது. அதற்கு வலது கை. பிறக்கும்போது அவள் இடது கைக்காரிதான். வீட்டில் அதட்டி, பள்ளிக்கூடத்தில் விரல் முட்டியில் அடித்து, சாப்பாட்டையும் எழுத்தையும் வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். பேச்சை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அதைப் பேச்சு என்றே அந்த வீட்டில் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அதனால் அது இடது கையிலேயே தங்கிவிட்டது.

[குறிப்பு: சைகை மொழிக்கு இரண்டு கையும் வேண்டும். ஆனால் ஒரு கை முன்னால் போகும். மற்றது துணைக்கு நிற்கும். முன்னால் போகிற கையைக் கட்டிப்போட்டுவிட்டு மற்றதை மட்டும் வைத்துப் பேசினால் பேச்சு குழறும். பல் பிடுங்கிவிட்டு வந்தவர் பேசுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.]

வலது கை அவளுக்குச் சம்பாதிக்கும். இடது கைதான் பேசும். இது தெரிந்தவர் உலகத்தில் அநேகமாக மெக்கானிக் ஒருவர்தான்.

3

இப்போது கையேட்டைக் கூப்பிடுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம், ஆனால் பின்னால் வந்து ஒன்றும் புரியவில்லை என்று சொல்லக் கூடாது.

வாயாடியின் நெஞ்சில் இருப்பது கதீட்டர். கழுத்தடிப் பெரிய சிரைக்குள் போகும் குழாய். அவசரத்துக்கு நல்லது. கையில் ஊசி குத்த வேண்டாம், இரண்டு கையும் சும்மா இருக்கும். ஆனால் குழாயின் மறுமுனை வெளியே இருப்பதால் கிருமியும் அதே வழியில் உள்ளே போகும். அவளுக்கு ஒரு முறை போயிற்று. கட்டிலே ஆடுகிற அளவுக்குக் குளிர் ஜுரம். பிழைத்ததே பெரிய விஷயம். இன்னொரு முறை வந்தால் தாங்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அடுத்தது ஃபிஸ்டுலா. கையில் ஓடும் ஒரு தமனியைப் பக்கத்துச் சிரையோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். தமனியின் வேகத்தில் சிரை கொஞ்ச நாளில் தடித்து, ஊசி தாங்குகிற அளவுக்குத் தேறும். தொட்டுப் பார்த்தால் பூனை வயிற்றில் கை வைத்த மாதிரி அதிரும். சொந்தக் குழாய் என்பதால் நெடுநாள் உழைக்கும்.

சொந்தச் சிரை சரிப்படாதவர்களுக்கு கிராஃப்ட். செயற்கைக் குழாயைத் தோலுக்கடியில் பதிப்பது. சீக்கிரம் பயன்படுத்தலாம், சீக்கிரம் அடைத்தும் போகலாம். தொடையில் வைக்கிற வழியும் உண்டு. அது வேறு கதியே இல்லாதபோது.

இதில் மருத்துவர்களுக்கு ஒரு வழக்கம். முதலில் பழக்கமில்லாத கை. அதிலும் முதலில் மணிக்கட்டு. பின்னால் தேவைப்பட்டால் மேலே இடம் மிச்சமிருக்கும்.

வாயாடியின் இரண்டு கைகளையும் ஸ்கேன் செய்தார்கள். வலது முன்கையில் சிரைகளெல்லாம் டிரிப் ஏற்றி ஏற்றிக் காய்ந்து கயிறாகிவிட்டன. முழங்கைக்கு மேலே ஆழத்தில் ஒன்று இருக்கிறது. அதை மேலே தூக்கிவைக்க இரண்டு ஆபரேஷன் ஆகும். அந்த உயரத்தில் ரத்தத்தைத் திருப்பினால் உள்ளங்கைக்குப் போவது குறையலாம், விரல்கள் சில்லிட்டு மரத்துப்போகலாம். இடது கையிலோ மணிக்கட்டிலேயே அருமையான சிரை.

"இந்தக் கையை ரொம்ப நல்லா காப்பாத்தி வச்சிருக்காங்க" என்று ஸ்கேன் பார்த்தவர் பாராட்டினார்.

காப்பாற்றித்தான் வைத்திருந்தாள். ஜுரத்தில் கிடந்த நாளெல்லாம் யார் ஊசியோடு வந்தாலும் வலது கையைத்தான் நீட்டினாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அது பேசுகிற கை.

(இந்த இடத்தை எழுதிவிட்டு நானே மறுபடி படித்துப் பார்த்தேன். காப்பாற்றி வைத்ததால்தான் அதற்கு ஆபத்து. இதை நான் திட்டமிடவில்லை.)

4

இனிமேல் அக்கா வருகிறாள். வாயாடியின் கூடப்பிறந்த அக்கா. டாக்டர் எந்தக் கை என்று முடிவு செய்த அன்று கூட இருந்தவள் அவள்தான். மெக்கானிக் வரக் கிளம்பி, ஒரு லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் ஆட்களோடு நின்றுவிட, அங்கே ஓட வேண்டியதாயிற்று.

டாக்டர் ஸ்கேன் படத்தைத் திரையில் பார்த்தபடியே கேட்டார்: "இவங்க எந்தக் கைப் பழக்கம்?"

"வலதுதான் டாக்டர்" என்றாள் அக்கா. "சாப்பிடறது, எழுதறது எல்லாமே வலது. கேக்ல எழுதற வேலை பாக்கறா. அந்தக் கையில மட்டும் எதுவும் செஞ்சிடாதீங்க, அவ பொழப்பே அதுலதான் இருக்கு."

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. இடதுலதான் சிரையும் நல்லா இருக்கு. மணிக்கட்டுலயே பண்ணிடலாம்."

வாயாடி இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா திரும்பி, தங்கையின் இடது மணிக்கட்டைத் தொட்டுக் காட்டி, கட்டைவிரலை உயர்த்தினாள். அக்காவுக்குத் தெரிந்த சைகை அவ்வளவுதான்: சாப்பாடு, தூக்கம், வலி, நல்லது. இந்தக் கைச் சிரை நல்லாயிருக்காம் என்று வாயாடி புரிந்துகொண்டாள். பெருமையாகத் தலையாட்டினாள். ஊசிக்கு எப்போதும் நீட்டுவது வலதுதானே, வெட்டுவதும் அதில்தான் என்று அவள் நினைத்தாள், அவள் சொல்லி மெக்கானிக்கும் அப்படியே நினைத்தார்.

5

அக்காவை என்ன செய்வது என்று தெரியாமல் நான் தவித்தேன்.

முதல் பிரதியில் அவளைக் கெட்டவளாக்கினேன். "தங்கையின் வாயை அடைப்பதே அவள் பிறவிப்—" என்று ஒரு வாக்கியம்கூட இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் விட்டுவைத்திருக்கிறேன். டயாலிசிஸ் நாளெல்லாம் உப்புக் குறைத்துச் சமைத்து எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வருகிறவள் அவள். ஜுரத்தில் தங்கையைக் குழந்தை மாதிரி துடைத்து உடை மாற்றியவள். அவள் டாக்டரிடம் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. தங்கையின் பிழைப்பைக் காப்பாற்றுகிற நினைப்பில் தங்கையின் பேச்சைக் கொடுத்துவிட்டாள்.

இதுவரை எழுதியதைத் தோழிக்கு அனுப்பினேன். (டாக்டரை ஆணாக எழுதியிருந்தேன். அதற்கு முதலில் ஒரு மூச்சு திட்டு வாங்கினேன். இப்போது பெண்ணாக்கிவிட்டேன்.) திட்டி முடித்து, போனிலேயே விஷயத்துக்கு வந்தாள்.

"எந்தக் கையால எழுதுவீங்க, எந்தக் கையால வேலை செய்வீங்கன்னு நான் எல்லார்கிட்டயும் கேப்பேன். எந்தக் கையால பேசுவீங்கன்னு கேட்டதில்ல" என்றாள்.

"சரி, இப்ப தெரிஞ்சுபோச்சு. எந்தக் கையில போடுவ?"

"இப்பவும் இடதுதான்."

"அடிப்பாவி."

"நீ கதை எழுதற. நான் அவ உயிரைப் பாக்கறேன். மணிக்கட்டுல ஆரம்பிச்சா பின்னாடி மேல போக வழி இருக்கு. நேரா மேல போயி அது கைகொடுக்கலைன்னா என்ன மிச்சம்? ஊசி குத்தியிருக்கற அந்த நாலு மணி நேரம் மட்டும்தான் அசையக் கூடாது. மத்த நேரமெல்லாம் எவ்வளவு வேணும்னாலும் பேசட்டும்."

"நடுவுல தலை சுத்தினா? பிரஷர் இறங்கினா? எப்படிச் சொல்லுவா?"

"அதுக்கு மணி குடுக்கலாம்."

"மணி அடிக்கறது பேச்சா?"

பிறகு, அவளே யோசித்து, எனக்கு எதிராக வாதாடிக்கொண்டிருந்தவள், எனக்குச் சாதகமாக ஒன்று சொன்னாள்: "ஒண்ணு இருக்கு. அவ சும்மா இருக்க மாட்டா. ஊசியோட கைய ஆட்டிப் பேசிடுவா. ஊசி சிரையக் கிழிச்சா கை வீங்கிடும். அது நெசமான பிரச்சினைதான்." உடனே, "ஆனாலும் இடதுதான்" என்றாள்.

நல்லவர்கள் இரண்டு பக்கமும் நின்றால் எழுதுகிறவன் பாடு திண்டாட்டம்தான்.

6

ஆபரேஷன் நாள் காலை.

(கைகளால் பேசுவதைச் சாய்ந்த எழுத்தில் போடலாமா என்று யோசித்தேன். அவள் பேச்சுக்கு மட்டும் தனிச் சட்டை எதற்கு? எல்லோரையும் போல மேற்கோள் குறிக்குள்ளேயே பேசட்டும். இன்னொன்று: அவர்களுடைய சைகையில் நீ, நீங்கள் என்ற பேதம் இல்லை. அதனால் இருவரும் நீ என்றே பேசுவார்கள்.)

தியேட்டருக்கு வெளியே இருந்த அறையில், பச்சை உடுப்போடு, சக்கரக் கட்டிலில் வாயாடி உட்கார்ந்திருந்தாள். மெக்கானிக் பைக்கை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். அவரைப் பார்த்ததும் அவள் கைகள் கிளம்பிவிட்டன. இங்கே குளிருகிறது, இந்த உடுப்புக்குப் பின்பக்கம் துணியே இல்லை, காலையிலிருந்து தண்ணீர்கூடத் தரவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே பார்த்தார். பிறகு சிரிப்பு நின்றது. ஆடிக்கொண்டிருந்த இடது கையின் மணிக்கட்டில் ஊதா மையில் ஒரு கோடு.

"அது என்ன கோடு?"

"தெரியல. நர்ஸ் வந்து போட்டாங்க. இந்தக் கை நல்லா இருக்குன்னு அக்கா சொன்னா. அதைக் குறிச்சு வச்சிருக்காங்க போல. வெட்டறது வலதுலதானே?"

மெக்கானிக்கின் கைகள் மடியில் அப்படியே கிடந்தன. பேச்சு வரவில்லை என்பதை நான் வேறு எப்படி எழுதுவது?

அவர் எழுந்து வாசலில் நின்ற அக்காவிடம் போனார்.

"அக்கா, டாக்டர்கிட்ட எந்தக் கைப் பழக்கம்னு சொன்னீங்க?"

"வலதுன்னுதான் சொன்னேன். ஏன் தம்பி?"

"அவ உங்ககிட்ட எந்தக் கையால பேசுவா?"

"என்னப்பா கேள்வி இது? கூடப்பிறந்தவளுக்குத் தெரியாதா—" என்று ஆரம்பித்த அக்கா, தன் வலது கையைத் தூக்கினாள். பிறகு இடது கையை. தங்கை பேசுவதை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. இரண்டு கையும் அந்தரத்தில் நின்றன.

"கவனிச்சதில்ல தம்பி" என்றாள் கடைசியில். அவள் கண் கலங்கிவிட்டது. முன்பு அவளைக் கெட்டவளாக எழுதியதற்கு எனக்கு இன்னும் ஒரு முறை வெட்கமாயிற்று.

கட்டிலைத் தள்ளுகிறவர் வந்துவிட்டார். "போலாமா?"

"கொஞ்சம் இருங்க" என்றார் மெக்கானிக். "டாக்டரப் பாக்காம எங்கயும் போக முடியாது."

7

டாக்டர் தியேட்டர் தொப்பியோடு வந்தார். மெக்கானிக் சொன்னதை முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு வாயாடிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நான் சொல்றதை அப்படியே அவங்களுக்குச் சொல்லுங்க. இடது கை மணிக்கட்டுல பண்ணினா நல்லா வரும், ரொம்ப வருஷம் உழைக்கும். ஆனா டயாலிசிஸ் நடக்கறப்ப அந்தக் கைய ஆட்டவே கூடாது. வலதுல மேல பண்ணலாம். ரெண்டு ஆபரேஷன். சரியா வராமலும் போகலாம். வந்தாலும் விரல் மரத்துப்போயி, கேக்ல எழுதற வேலை கஷ்டமாகலாம். கிராஃப்ட்டும் வைக்கலாம், ஆனா அடிக்கடி அடைக்கும். நெஞ்சுல இருக்கறத மட்டும் விட்டுவைக்க முடியாது. இடதா வலதான்னு அவங்க சொல்லட்டும். அதைச் செய்யறேன்."

மெக்கானிக் சொன்னார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். 'ரொம்ப வருஷம்' என்ற இடத்தில் மட்டும் கையை வேண்டியதைவிட அகலமாக விரித்துவிட்டார்.

வாயாடி அதைக் கவனித்தாள். "நீ என்ன சொல்ற?"

"இடது. நீ எனக்கு ரொம்ப நாள் வேணும்."

"நான் இருந்து பேசாம படுத்திருந்தா உனக்குப் போதுமா?"

"நாலு மணி நேரம்தானே."

"உனக்கு அது நாலு மணி நேரம். ஊருல எல்லாரும் என்னை ஊமைங்கறாங்க. நான் ஒரு நாள்கூட ஊமையா இருந்ததில்ல. இனிமே வாரத்துல மூணு நாள் இருன்னு சொல்றியா? வலது கை மரத்துப்போனா கேக் போகட்டும், முட்டை உடைச்சுக் குடுக்கற வேலை இருக்கு, பெட்டி மடிக்கற வேலை இருக்கு. பேசறதுக்கு நான் எங்க போயி வேலை கேக்கறது? சொல்லு அவங்ககிட்ட. வலது."

மெக்கானிக் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கெஞ்சவா, நிறுத்தவா என்று அவருக்கே தெரியவில்லை. ஊதாக் கோடு அவருடைய விரல்களுக்கு அடியில் போயிற்று. அவள் கையை உருவிக்கொண்டு அதே சொல்லை மறுபடி சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

8

தோழிக்கு இந்த இடம் வரை படித்துக் காட்டினேன். "அப்புறம்?" என்றாள்.

அந்த அறையில் அவள் சொன்னது புரிந்தவர் ஒரே ஒருவர். அக்காவுக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரியாது. கட்டில் தள்ளுகிறவருக்குத் தெரியாது. மெக்கானிக் எதைச் சொல்கிறாரோ அதுதான் அவள் சொன்னதாக ஆகும்.

முடிவு ஒன்று. அவர் உள்ளதைச் சொல்கிறார். வலது கையில் இரண்டு ஆபரேஷன். விரல்கள் சில்லிட்டுப்போகின்றன. கேக்கில் எழுத்து நடுங்குகிறது. அந்த வழியும் ஒரு வருஷத்தில் அடைத்துக்கொள்கிறது. அவள் படுத்தபடி பேசிக்கொண்டே இருக்கிறாள், அவர் ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டே கேட்கிறார்.

முடிவு இரண்டு. "சரிங்கறா டாக்டர், இடதுலயே பண்ணிடுங்க" என்கிறார். மயக்கம் தெளிந்து அவள் பார்க்கும்போது கட்டு இடது கையில் இருக்கிறது. ஃபிஸ்டுலா பிரமாதமாகத் தேறுகிறது. பல வருஷம் உயிரோடு இருக்கிறாள். மெஷின் நாட்களில் பலகை மேல் கையை நீட்டிவைத்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறாள். மற்ற நாட்களில் இரண்டு கையும் சும்மாதான் இருக்கிறது, ஆனால் அவரிடம் பேசுவதில்லை.

முடிவு மூன்று. டாக்டருக்குத் திடீரென்று ஒரு நல்ல வழி தோன்றுகி—

இது நெஞ்சை நக்குகிற வேலை. வேண்டாம்.

"ரெண்டாவதை எழுது" என்றாள் தோழி. "கோவம் இன்னிக்கு இருக்கும், நாளைக்குப் போகும். ஆள் இருந்தாத்தானே கோவப்பட முடியும்."

எனக்கு முதலாவதுதான் வேண்டும். ஆனால் எனக்கு என்ன? எழுதி முடித்துவிட்டு நான் போய்ச் சாப்பிடுவேன். அவள் போன பிறகு அந்த வீட்டில் தனியாக இருக்கப்போவது மெக்கானிக். இருவரையும் கதையில் கட்டியவன் என்ற உரிமையில் அவர் வாயில் ஒரு சொல்லை வைத்து அனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் உங்களிடம் தருகிறேன். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு வாங்கிக்கொள்ளுங்கள்: அவளுக்குக் காது கேட்காதே தவிர, தன் புருஷனின் உதட்டை அவள் நன்றாகவே படிப்பாள். இத்தனை வருஷப் பழக்கம். வலது என்கிறாரா இடது என்கிறாரா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அவர் மாற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவளுக்கு முதுகைக் காட்டித்தான் சொல்ல வேண்டும்.

"என்ன சொல்றாங்க?" டாக்டர் இரண்டாம் முறை கேட்கிறார். வாயாடி மெக்கானிக்கின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் கைகள் இரண்டும் மடியில் ஓய்ந்து கிடக்கின்றன, தான் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று. டாக்டர் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார், இப்போது நிற்பது மெக்கானிக்குக்குப் பின்னால், கதவுப் பக்கம். பதில் சொல்வதற்காக அவர் திரும்பினாலும் அது மரியாதை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

அவரைத் திருப்புவதா வேண்டாமா என்று நீங்கள் சொல்லுங்கள்.